கடி சின்னது, செலவு பெருசு!
பூச்சிக்கடி, அரிப்பு: நாம் செய்ய வேண்டியதும் செய்யக் கூடாததும்



போன மழைக்காலத்தில் நம் உறுப்பினர் ஒருவர் குழுவில் உள்கடன் கேட்டார். எதற்கு என்று கேட்டதற்கு, "கொசு கடிச்சதுக்கு" என்றார். எல்லாரும் சிரித்துவிட்டோம். அவர் சிரிக்கவில்லை. அவருடைய மாமியாருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. கணுக்காலில் கொசு கடித்த இடத்தை ராத்திரி முழுக்கச் சொறிந்திருக்கிறார். தோல் உரிந்த இடத்தில், யாரோ சொன்னார்கள் என்று சுண்ணாம்பைத் தடவியிருக்கிறார்கள். புண் சீழ் பிடித்துவிட்டது. கட்டுப் போட, மருந்து வாங்க, ஆட்டோவுக்கு, கூட இருந்து பார்த்ததால் இழந்த கூலி என்று எல்லாம் சேர்ந்து கடனாகிவிட்டது.

கொசு கடித்தது ஒரு நிமிஷம். சொறிந்ததும் சுண்ணாம்பு வைத்ததும்தான் புண்ணாக்கியது. அதனால்தான் இந்த இதழில் இந்தச் சின்ன விஷயத்தைப் பெரிதாகப் பேசுகிறோம்.

ஏன் அரிக்கிறது?

ஆண் கொசு கடிப்பதில்லை. பெண் கொசுதான் முட்டை வைப்பதற்காக ரத்தம் குடிக்கிறது. குடிக்கும்போது ரத்தம் உறையாமல் இருக்கத் தன் எச்சிலை நம் தோலுக்குள் விடுகிறது. அந்த எச்சில் நம் உடம்புக்கு ஆகாத பொருள். உடனே உடம்பு ஹிஸ்டமின் என்ற பொருளைச் சுரக்கிறது. அதனால்தான் தடிப்பும், சிவப்பும், அரிப்பும். சொறிந்தால் ஒரு நிமிஷம் சுகமாக இருக்கும். ஆனால் அந்த இடம் இன்னும் தடித்து, முன்னைவிட அதிகமாக அரிக்கும். நகத்து அழுக்கில் இருக்கும் கிருமி கீறல் வழியாக உள்ளே போனால் சீழ்தான்.

கடித்த முதல் பத்து நிமிடம்

1. கடித்த இடத்தைச் சோப்புப் போட்டு, பச்சைத் தண்ணீரில் கழுவுங்கள்.

2. ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிப் பத்து நிமிடம் வையுங்கள். ஐஸ் இல்லையா? மண்பானைத் தண்ணீரில் நனைத்த துணி போதும். குளிர்ச்சி பட்டால் வீக்கமும் அரிப்பும் அடங்கும்.

3. ஆப்ப சோடாவில் சில சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்துத் தடவி, பத்து நிமிடம் கழித்துக் கழுவிவிடலாம். மருந்துக்கடையில் கிடைக்கும் காலமைன் லோஷனும் நல்லது. தோல் கிழிந்திருந்தால் இரண்டும் வேண்டாம்.

4. குழந்தைகளுக்கு நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். "சொறியாதே" என்று சொன்னால் எந்தப் பிள்ளை கேட்கும்? சொறியத் தோணும்போது உள்ளங்கையால் அழுத்திக்கொள்ளச் சொல்லிப் பழக்குங்கள்.

5. அரிப்பில் தூக்கமே வரவில்லை என்றால் கிராம சுகாதாரச் செவிலியரையோ ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரையோ கேட்டு அரிப்பு மாத்திரை வாங்குங்கள். சில மாத்திரைகள் தூக்கம் வரவைக்கும் என்பதால் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டவோ, மெஷினில் வேலை செய்யவோ கூடாது.

இவற்றைத் தடவாதீர்கள்

சுண்ணாம்பு தோலை வேக வைக்கும். மண்ணெண்ணெய் எரிச்சலைக் கூட்டும். சாணி தடவினால் புண்ணில் கிருமி ஏறும். பல் விளக்கும் பேஸ்ட் குளுகுளு என்று இருக்கும், ஆனால் சிலருக்குத் தோல் வெந்துபோகும்.

இன்னொன்றை முக்கியமாகச் சொல்ல வேண்டும். மருந்துக்கடையில் போய் "அரிப்புக்கு ஒரு ஆயின்மென்ட் குடுங்க" என்று கேட்கிறோம். அப்படிக் கிடைக்கும் களிம்புகளில் பல ஸ்டீராய்டு கலந்தவை. முதல் நாளே அரிப்பு நின்றுவிடும், அதனால் நல்ல மருந்து என்று நினைத்து வீட்டில் எல்லாருக்கும் தடவுவோம். மாதக்கணக்கில் தடவினால் தோல் மெலிந்துபோகும். படர்தாமரை இருக்கும் இடத்தில் தடவினால் அது அடங்கினது போலக் காட்டி உடம்பெல்லாம் பரவும். இந்தக் களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு 2018-ல் விதியை மாற்றியது. டாக்டர் பார்த்து, சில நாளைக்கு என்று எழுதிக்கொடுத்தால் தடவலாம். நாமாக வாங்கித் தடவ வேண்டாம்.

கடித்தது எது?

கொசு என்றால் அங்கங்கே தடிப்பு. வரிசையாக மூன்று நான்கு தடிப்பு, காலையில் எழுந்ததும் தெரிகிறது என்றால் பெரும்பாலும் மூட்டைப்பூச்சி. கட்டில் சந்து, சுவர் விரிசல், பாய் ஓரம் எல்லாம் பாருங்கள். போர்வையைக் கொதிநீரில் போட்டுத் துவைத்து, மதுரை வெயிலில் காயப் போடுங்கள். கட்டில் சந்துகளில் கொதிநீர் ஊற்றுங்கள். ஒரு தடவையில் போகாது, பொறுமையாகத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும்.

முருங்கை மரத்தில் கம்பளிப்பூச்சி ஏறும் காலத்தில் மேலே விழுந்தால் தேய்க்காதீர்கள். தேய்த்தால் ரோமம் இன்னும் உள்ளே ஏறும். செல்லோ டேப்பை ஒட்டி ஒட்டி எடுத்தால் ரோமம் கையோடு வரும். பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

தேனீ கொட்டினால் கொடுக்கு தோலில் நிற்கும். எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறோமோ அவ்வளவு நல்லது. நகத்தால் வழித்து எடுங்கள். குளவியும் கதண்டும் கொடுக்கை விட்டுப் போகாது. அது திரும்பத் திரும்பக் கொட்டும். நின்று விரட்டாமல் அந்த இடத்தை விட்டு விலகிவிடுங்கள்.

விரல் இடுக்கு, மணிக்கட்டு, தொப்புளைச் சுற்றி, ராத்திரியானால் அதிகமாக அரிக்கிறதா? வீட்டில் இரண்டு மூன்று பேருக்கு இருக்கிறதா? அது பூச்சிக்கடி இல்லை. சொறி சிரங்காக இருக்கலாம். டாக்டர் கொடுக்கும் மருந்தை வீட்டில் எல்லாரும் ஒரே நாளில் போட வேண்டும். ஒருத்தர் விட்டால் மறுபடி எல்லாருக்கும் வரும்.

இதற்கெல்லாம் காத்திருக்கக் கூடாது

கடித்த பிறகு உதடு, முகம் வீங்குவது, மூச்சுத் திணறல், உடம்பெல்லாம் தடிப்பு, தலைசுற்றி மயக்கம் வருவது: இவை ஆபத்தான அறிகுறிகள். உடனே 108-க்குப் போன் செய்யுங்கள். ஏகப்பட்ட தேனீயோ கதண்டோ கொட்டிவிட்டாலும் அப்படியே.

கடித்த இடம் சூடாகி, சிவப்பு பரவி, சீழ் வைத்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் காலில் சின்னக் கீறல் வந்தாலே காட்ட வேண்டும்.

புல் அறுக்க, விறகு பொறுக்க, ஆடு மேய்க்கப் போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். புதரில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத ஒரு சின்னஞ்சிறு பூச்சி கடிப்பதால் ஸ்கரப் டைபஸ் என்ற காய்ச்சல் வருகிறது. கடித்த இடத்தில் வலியும் இருக்காது, அரிப்பும் இருக்காது. சிகரெட்டால் சுட்டது போலக் கறுப்புப் பொருக்கு மட்டும் இருக்கும். அக்குள், இடுப்புச் சேலை கட்டும் இடம், மார்புக்கு அடியில் என்று மறைவான இடங்களில்தான் வரும். வெட்கப்பட்டு டாக்டரிடம் காட்டாமல் இருந்துவிடாதீர்கள். கடித்துச் சுமார் பத்து நாளில் காய்ச்சலும் தலைவலியும் வரும். சீக்கிரம் கண்டுபிடித்தால் விலை குறைந்த மாத்திரையிலேயே குணமாகும். விட்டால் நுரையீரல், சிறுநீரகம் எல்லாம் பாதிக்கும். "காய்ச்சல், புதர்ப் பக்கம் வேலைக்குப் போனேன்" என்று டாக்டரிடம் நாமே சொல்ல வேண்டும்.

கொசு எங்கிருந்து வருகிறது?

"சாக்கடையிலிருந்து வருது, மாநகராட்சிதான் பார்க்கணும்" என்போம். பாதி உண்மை. கிருதுமால், பந்தல்குடி வாய்க்கால் ஓரத்து வீடுகளில் ராத்திரி கடிக்கும் கொசு பெரும்பாலும் அழுக்குத் தண்ணீரில் வளர்வது. அதற்கு மனு கொடுப்போம், கேட்போம்.

ஆனால் பகலில் கடிக்கும் ஏடிஸ் கொசு நம் வீட்டுக்குள்ளேயே வளர்கிறது. டெங்குவும் சிக்குன்குனியாவும் அதனால்தான் வருகின்றன. 2006-ல் தமிழ்நாட்டில் சிக்குன்குனியா பரவியபோது, காய்ச்சல் விட்ட பிறகும் மூட்டுவலியால் மாதக்கணக்கில் எழுந்து நடக்க முடியாதவர்கள் எத்தனை பேர்! நாற்று நடவும் பூப்பறிக்கவும் குனிய முடியாவிட்டால் கூலி ஏது, தவணை ஏது?

நம்ம ஊரில் குழாயில் தினமும் தண்ணீர் வராது. குடத்திலும் டிரம்மிலும் சிமெண்ட் தொட்டியிலும் பிடித்து வைக்கிறோம். ஏடிஸ் அந்த நல்ல தண்ணீரைத்தான் தேடி வருகிறது. முட்டை கொசுவாக ஏறக்குறைய 7 முதல் 10 நாள் ஆகும். அதனால் வாரம் ஒரு நாள் தண்ணீரைக் கொட்டிக் காயவைத்தால் அந்தச் சங்கிலி அறுந்துவிடும். ஏடிஸ் முட்டை காய்ந்த பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். எனவே கொட்டினால் மட்டும் போதாது, நார் போட்டு ஓரத்தைத் தேய்க்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் இவற்றைப் பாருங்கள்:

* டிரம், தொட்டி: தேய்த்துக் கழுவி, பழைய வேட்டியால் இறுக்கிக் கட்டி மூடுங்கள்.
* பிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு.
* எறும்பு வராமல் அலமாரிக் காலுக்கு வைக்கும் தண்ணீர்க் கிண்ணம்.
* பயன்படுத்தாத ஆட்டுக்கல், உரல்.
* கொல்லையில் கிடக்கும் தேங்காய்ச் சிரட்டை, டயர், உடைந்த பக்கெட், பிளாஸ்டிக் கப்.
* ஆடு மாடு, கோழிக்கு வைக்கும் தண்ணீர்த் தொட்டி.

கொசு ஒழிப்புப் பணியாளர்கள் வீட்டுக்கு வந்து தொட்டியில் மருந்து ஊற்ற வந்தால் கதவைச் சாத்தாதீர்கள். அவர்களும் நம்மைப் போல் உழைக்கும் பெண்கள்தான்.

வயல் பக்கம் இருப்பவர்களுக்கு

மேலூர், வாடிப்பட்டி, சோழவந்தான் பக்கம் நெல் வயலில் நிற்கும் தண்ணீரிலும் ஒரு வகைக் கொசு வளர்கிறது. அது பன்றி, கொக்கு இவற்றிடமிருந்து ஜப்பானிய மூளைக்காய்ச்சலை மனிதருக்குக் கொண்டுவரக்கூடியது. இதை ஆராய மதுரையிலேயே ஒரு நிலையம் உண்டு என்பது நமக்குப் பெருமை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1985-ல் இங்கே மருத்துவப் பூச்சியியல் ஆராய்ச்சி மையத்தைத் தொடங்கியது. அங்கிருந்த விஞ்ஞானிகள் நம் பக்கத்து வயல்களில் இரண்டு வழிகளைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒன்று, காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் விடுவது. இன்னொன்று, யூரியாவோடு வேப்பம்பிண்ணாக்குச் சேர்த்து இடுவது. இரண்டிலும் கொசுப்புழு குறைந்தது. வயல் வைத்திருப்பவர்கள் வீட்டு ஆம்பளைகளிடம் இதைச் சொல்லுங்கள். குழந்தையின் தடுப்பூசி அட்டையில் எதுவும் விடுபட்டிருக்கிறதா என்று செவிலியரிடம் காட்டிக் கேளுங்கள்.

விடியுமுன்னே மல்லிகை பறிக்கப் போகும் சகோதரிகள், சேலைக்கு மேலே வீட்டுக்காரரின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொள்ளுங்கள். வெளிர் நிறமாக இருந்தால் நல்லது. வேலை முடிந்து வந்ததும் குளித்து, துணியைத் துவைக்கப் போடுங்கள்.

சுருளா, வலையா?

ஒரு கொசுவத்திச் சுருள் எரிந்தால் வரும் நுண்தூசி, 75 முதல் 137 சிகரெட் எரிவதற்குச் சமம் என்று 2003-ல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது. ஜன்னலைச் சாத்திவிட்டுச் சுருளை வைத்துக் குழந்தையைப் படுக்க வைத்தால் அந்தப் புகை எங்கே போகும்? பணத்தையும் பாருங்கள். நாளுக்கு 5 ரூபாய் என்றே வைத்தாலும் மாதம் 150, வருஷம் 1,800 ரூபாய். அந்தக் காசில் கொசுவலை வாங்கினால் பல வருஷம் வரும். பகலில் தூங்கும் குழந்தைக்கும் வலை போடுங்கள்.

தேங்காய் எண்ணெய் 100 மில்லியில் வேப்பெண்ணெய் 2 மில்லி கலந்து கை காலில் தடவினால் கொஞ்ச நேரத்துக்குக் கொசு அண்டாது. கைக்குழந்தைக்குத் தடவ வேண்டாம். வேப்பெண்ணெயைக் குழந்தைக்கு உள்ளே கொடுப்பது உயிருக்கே ஆபத்து, ஒரு சங்கு கூடக் கூடாது.

இந்த மாதக் கூட்டத்தில்

ஒவ்வொரு குழுவும் மூன்று விஷயத்தைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். ஒன்று, நம் தெருவில் ஞாயிறு காலை எந்த நேரம் எல்லாரும் தொட்டி கழுவுவது. இரண்டு, எத்தனை வீட்டுக்கு வலை வேண்டும். கணக்குக் கொடுத்தால் மொத்தமாக வாங்கும்போது விலை குறையும். மூன்று, குழுவில் யார் யார் வீட்டில் சர்க்கரை நோயாளி இருக்கிறார், அவர் காலைத் தினமும் யார் பார்ப்பது.

அந்த மாமியாரின் கால் இப்போது ஆறிவிட்டது. மருமகளுக்குத் தான் இன்னும் நாலு தவணை பாக்கி. அடுத்த முறை நம் குழுவில் யாரும் கொசுக்கடிக்குக் கடன் கேட்கக் கூடாது. கடன் கேட்டால் அது பிள்ளையின் படிப்புக்காக, ஒரு கறவை மாட்டுக்காக, ஒரு தையல் மெஷினுக்காக இருக்கட்டும்.