பட்டியலில் பெயர் இருக்கிறதா? பேரிடரும் தலித் மாற்றுத்திறனாளிகளும்

"தாழ்வான பகுதிகளில் வசிப்போர் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லவும்." வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஒலிபெருக்கியில் வரும் இந்த அறிவிப்பு, காது கேட்பவர்களையும் நடக்க முடிந்தவர்களையும் மட்டுமே கருத்தில் கொண்டது. செவித்திறன் இழந்தவரும், சக்கர நாற்காலியில் வாழ்பவரும், அவரைத் தனியே விட்டு நகர முடியாத தாயும் அதன் கணக்கில் இல்லை. வாய்க்கால் ஓரத்திலும் தாழ்நிலத்திலும் சேரி ஒதுக்கப்பட்டுள்ள ஊர்களில், வெள்ளம் முதலில் புகுவதும் அவர்களது வீடுகளில்தான்.

முகாமை அடைவதோடு இன்னல் முடிவதில்லை. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் நாகப்பட்டினம் பகுதி முகாம்களில் தலித் மக்கள் ஒதுக்கப்பட்டதை மனித உரிமை அமைப்புகள் பதிவுசெய்துள்ளன. சாய்தளமும் ஏற்ற கழிப்பறையும் இல்லாத முகாமில், ஒரு தலித் மாற்றுத்திறனாளி சாதியாலும் கட்டடத்தாலும் இருமுறை விலக்கப்படுகிறார்.

சட்டம் என்ன சொல்கிறது? மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016இன் 8ஆம் பிரிவு, பேரிடர்களில் அவர்களுக்குச் சமமான பாதுகாப்பை உறுதியளிக்கிறது. மாவட்டத்திலுள்ள மாற்றுத்திறனாளிகளின் விவரப் பதிவேட்டைப் பராமரிப்பதும், ஆபத்து குறித்து அவர்களுக்குத் தெரிவிக்க உரிய ஏற்பாடு செய்வதும் மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் கடமை. அது சலுகையன்று.

பேரிடர் மேலாண்மைச் சட்டம், 2005இன் 61ஆம் பிரிவு, இழப்பீட்டிலும் நிவாரணத்திலும் பால், சாதி, சமூகம், வம்சாவளி, மதம் ஆகியவற்றின் அடிப்படையில் பாகுபாடு காட்டுவதைத் தடை செய்கிறது. அச்சட்டம் இயற்றப்பட்டபோது அவ்வரிசையில் மாற்றுத்திறன் இடம்பெறவில்லை. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 8ஆம் பிரிவோ சாதியைக் குறிப்பிடவில்லை. ஆகவே நமது மனுக்களில் இவ்விரு பிரிவுகளையும் சேர்த்தே எழுத வேண்டும்.

மழைக்கு முன் செய்ய வேண்டியவை சில உள்ளன. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மூன்று கேள்விகளை எழுப்பலாம்: அப்பதிவேடு உள்ளதா? நமது ஊராட்சியில், குடியிருப்பு வாரியாக எத்தனை பேர் அதில் உள்ளனர்? அவர்களை அழைத்துச் செல்லும் பொறுப்பு எந்த அலுவலருக்கு? பெயர்களைக் கேட்காமல் எண்ணிக்கையைக் கேட்டால், தனிநபர் விவரம் என்று மறுக்க இடமிராது. 30 நாட்களுக்குள் பதில் தரப்பட வேண்டும். தராவிடில் மேல்முறையீடு செய்யலாம். அக்டோபர் 2 கிராமசபையில், விடுபட்ட பெயர்களைச் சேர்க்கவும், முகாமாகும் பள்ளிக்குச் சாய்தளம் அமைக்கவும் தீர்மானம் கோரலாம். நடவடிக்கை இல்லையெனில் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் முறையிடலாம்.

வீட்டில் ஒரு வாரத்திற்கான மருந்து, மருத்துவச் சீட்டு, அடையாள அட்டை நகல், செவிக்கருவிக்கான மின்கலம் ஆகியவை நனையாத பையில் இருக்கட்டும். பராமரிப்பவரே நோயுற்றால் யார் வருவார் என்பதை முன்கூட்டியே பேசி, தூக்கிச் செல்லும் முறையை இரண்டு அண்டை வீட்டாருக்கேனும் பழக்கி வையுங்கள்.

எனினும், தாயின் தோள் அரசின் கடமைக்கு ஈடாகாது. உயிர்கள் போன பிறகு எண்ணிக்கை எடுக்கும் நிர்வாகத்திடம், மழைக்கு முன்பே பட்டியலைக் கேட்போம்.