சீட்டுப் பெட்டி போன பிறகு

நூல்நிலையத்தின் வாயிலைக் கடந்ததும் இடப்புறம் நின்ற தேக்கு அலமாரியையும், அதன் நீண்ட சிற்றறைகளை இழுத்தால் இரும்புக் கம்பி கோத்து வரிசையாக நின்ற, அஞ்சலட்டையிலும் சற்றே சிறிய தடித்த சீட்டுகளையும், அவற்றின் மேலோரங்களில் எத்தனையோ வாசகர்களின் விரல் பட்டுப் படிந்த கருமையையும் அறியாத ஒரு தலைமுறை இப்பொழுது வளர்ந்து வருகிறது. அலமாரி இருந்த இடத்தில் கணினித் திரை இருக்கிறது. பலருக்கு அதுவும் அவசியமில்லை. வேண்டிய புத்தகம் இருக்கிறதா, வெளியே போயிருக்கிறதா என்று கைப்பேசியிலேயே பார்த்துக்கொண்டு புறப்படுகிறார்கள்.

சீர்காழியில் பிறந்து, கணித ஆசிரியராயிருந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ். ஆர். ரங்கநாதன், 1931-இல் வெளியிட்ட ஐந்து விதிகளில், வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்துவதையும் ஒன்றாக வைத்தார். அந்த விதிக்கு யந்திரத்தைப் போல் பணிந்து நடக்கும் ஊழியர் வேறில்லை. ஆசிரியர், தலைப்பு, பொருள் என்று மூன்று சீட்டுகளில் எழுதி மூன்று இடங்களில் செருகிய விவரத்தை ஒரே பதிவில் அடக்கிக்கொண்டு, எந்த வழியில் கேட்டாலும் அது கொடுத்துவிடுகிறது. நியூசிலாந்தில் 1999-இல் உருவாகி, 2000 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த ‘கோஹா’ என்ற மென்பொருளுக்கு விலையே இல்லை. நம் கல்லூரி நூல்நிலையங்கள் பலவும் அதைக் கைக்கொண்டிருக்கின்றன. மாவோரி மொழியில் அந்தச் சொல்லுக்கு அன்பளிப்பு என்று பொருளாம்; பொருத்தமான நாமகரணந்தான்.

இவ்வளவு சௌகரியத்தையும் மனத்தில் வைத்துக்கொண்டு, சென்ற ஆண்டு ஓர் ஊர் நூல்நிலையத்தில் உ. வே. சாமிநாதையரின் நூல்களைத் தேட உட்கார்ந்தேன். ‘சாமிநாதையர்’ என்று அடித்தேன். மூன்று நூல்கள் வந்தன. மூன்றுதானா என்ற என் ஆச்சரியத்தைக் கவனித்த நூலகர் அம்மாள், “ஐயர்னு தனியாப் பிரிச்சு அடிச்சுப் பாருங்க சார்” என்றார். வேறு ஐந்து வந்தன. ‘சுவாமிநாதையர்’ என்றதும் இன்னும் இரண்டு. ஒரே மனிதரை மூன்று பேராக்கி வைத்திருந்தது யந்திரம். நான் நாடிச் சென்ற கட்டுரைத் தொகுதியோ இந்த மூவரில் எவரிடமும் இல்லை. அந்த அம்மாள் எழுந்து நேரே மூன்றாவது வரிசைக்குப் போய் அதை எடுத்து வந்தார்.

யந்திரத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. மனிதக் கண் சொல்லைப் பார்க்கிறது. கணினி எழுத்துக்குரிய எண்களை ஒப்பிடுகிறது. ‘ஸ்ரீ’ என்ற எழுத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2005-இல் ஒருங்குறியில் ‘ஶ’ சேர்க்கப்பட்ட பின்பு, ‘ஸ’வைக் கொண்டும் ‘ஶ’வைக் கொண்டும் அதை அடிக்க வழி ஏற்பட்டது, திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றே, யந்திரத்துக்கோ இரண்டும் முற்றிலும் வேறு. இவ்விரண்டும் ஒன்றுதான் என்று எவராவது முன்கூட்டியே சொல்லிவைக்காவிட்டால், ஒருவர் பதிந்த ஸ்ரீரங்கத்தை மற்றொருவர் தேடிக் கண்டடைவது துர்லபம். பழைய பெட்டியில் இதற்கென்றே ‘காண்க’ என்ற சீட்டு இருந்தது: சுவாமிநாதையரைத் தேடி வருபவரைச் சாமிநாதையரிடம் அனுப்பிவைக்கும். சீட்டுகளைக் கணினியில் ஏற்றிய அவசரத்தில் பல இடங்களில் முதலில் கைவிடப்பட்டவை இந்தச் சீட்டுகளே என்பது என் அபிப்பிராயம்.

நூல்களையே திரைக்குக் கொண்டுவரும் முயற்சியிலும் இதே சங்கடம் வேறு உருவத்தில் வருகிறது. கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதும் ஓவியராக இருந்த ரோஜா முத்தையா, புத்தகங்களோடு நாடக நோட்டீசுகள், அழைப்பிதழ்கள் என்று பிறர் எறிந்துவிடுவதையும் சேர்த்துச் சேகரித்த சுமார் ஒரு லட்சம் உருப்படிகள், 1992-இல் அவர் காலமான பின்பு சிகாகோ பல்கலைக்கழகத்தின் உதவியால் சென்னை வந்து, 1994-இல் ஆராய்ச்சி நூலகமாயின. 1981-இல் சுமார் 97,000 நூல்களோடு யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்த நினைவைச் சுமந்த ஈழத்தவரோ, 2005-இல் ‘நூலகம்’ என்ற எண்ணிம நூலகத்தைத் தொடங்கினார்கள். இத்தகைய சேகரங்களிலுள்ள பழைய ஏட்டைப் படம் பிடித்துவிடலாம். படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தறிவது அவ்வளவு சுலபமன்று. 1978-ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்துக்கு முந்திய அச்சில், லை, னை முதலியவற்றின் ஐகாரம் யானைத் துதிக்கையாக எழுத்தின் தலைமேல் வளைந்திருக்கும். புதிய லிபியிலேயே பழகிய யந்திரம் அங்கே வந்ததும் திகைத்து, வாய்க்கு வந்ததை உளறும். பிறகு ஒருவர் உட்கார்ந்து மூலத்தோடு ஒப்பிட்டு வரிவரியாகத் திருத்த வேண்டும். பதிப்புரிமை என்ற வேலி தனி விஷயம்: ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் கழியாமல், அரசு நாட்டுடைமையாக்காமல், உரியவரின் சம்மதமும் இல்லாமல் நூல் இணையத்தில் ஏற முடியாது.

அன்று புறப்படும்போது அந்த அம்மாள் மேஜை அறையிலிருந்து பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம் ஒன்றை எடுத்தார். வாசகர்கள் தேடித் தோற்ற பெயர்களை அதில் எழுதிவைத்து, மாலையில் கூட்டம் குறைந்ததும் பதிவுகளைத் திருத்துவது அவர் வழக்கமாம். நான் அடித்த மூன்று வடிவங்களையும் கேட்டு எழுதிக்கொண்டார். சற்று யோசித்து, நான்காவதாகத் தாமே ஒன்றைச் சேர்த்தார்: ‘ஸ்வாமிநாதய்யர்.’