இணைந்த சபைகளும் இடியாத சுவரும்

தோழர்களே, சபைகள் பிரிவது கொள்கை வேறுபாட்டால்தான் என்கிறார்கள். வரலாறு அப்படிச் சொல்லவில்லை.

1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், ஆங்கிலிக்கன் சபைகளில் சாதி வேற்றுமை உடனே ஒழியவேண்டும் என்று கட்டளையிட்டார். தஞ்சையில் வேளாளக் கிறிஸ்தவர்கள் பலர் சபையைவிட்டே வெளியேறினர். அவர்களில் ஒரு பகுதியினர் பின்னர் லுத்தரன் மிஷனில் சேர்ந்தனர். வேதவாக்கியம் அவர்களைப் பிரிக்கவில்லை, சமபந்தி பிரித்தது.

கொள்கைப் பிளவு பேசித் தீரக்கூடியது. ஆயர் பதவி, குருப்பட்டம் பற்றி 1919இல் தரங்கம்பாடியில் தொடங்கிய பேச்சு 28 ஆண்டுகள் நீண்டது. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபினர் 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபையாக இணைந்தனர்.

சாதிப் பிளவோ ஒரே சபைக்குள் வாழ்கிறது. நம் திருச்சி மேலப்புதூர் கத்தோலிக்கக் கல்லறையில், ஒரே நற்கருணையை உண்டவர்களைச் செத்த பிறகும் சுவர் பிரித்தது. அந்தச் சுவருக்கு எந்த இறையியலும் இல்லை.

ஆகவே, சிறு சபைகளின் ஐக்கியத்தைப் பேச வருகிறவர்களிடம் மூன்று கேள்விகள் கேட்போம்: சபை நிர்வாகத்தில் யார் இருக்கிறார்கள்? பெண் கொடுத்து எடுப்பீர்களா? எங்களை எங்கே புதைப்பீர்கள்? இவற்றுக்கு விடை சொல்லாத ஐக்கியம் பெயர்ப்பலகையை மட்டுமே மாற்றும்.