வீட்டுக் கம்ப்யூட்டருக்குள் எவ்வளவு அடங்கும்?

திருச்சியைச் சேர்ந்த பொன்மலை, ரெயில்வேயால் வளர்ந்த ஊர். நாகப்பட்டினத்தில் இருந்த ரெயில்வே தொழிற்சாலை 1928-ம் ஆண்டு இங்கே மாற்றப்பட்டது. ரெயில் என்ஜின்களைப் பழுது பார்ப்பதும், வேகன் செய்வதும் இந்த ஊருக்குக் கைவந்த தொழில்.

ஒரு வேகனில் எத்தனை டன் ஏற்றலாம்? வேகனின் பக்கத்திலேயே எழுதியிருக்கும். சின்னப் பையன்கூடப் படித்துச் சொல்லி விடுவான்.

ஆனால், வீட்டு மேஜை மீது இருக்கும் கம்ப்யூட்டரில் எவ்வளவு ஏற்றலாம்? பெட்டியை வெளியே இருந்து பார்த்தால் தெரியாது. விலைச்சீட்டில் எழுதியிருந்தாலும், அந்தக் கணக்கு பலருக்குப் புரிவது இல்லை.

பொன்மலைக்கு 21 பைட்டு

நெல்லை மரக்காலால் அளப்பது போல, கம்ப்யூட்டரில் அடங்குவதை "பைட்டு" என்ற அளவால் அளக்கிறார்கள். ஓர் ஆங்கில எழுத்துக்கு 1 பைட்டு இடம் போதும்.

தமிழுக்கு அது போதாது. இப்போது பெரும்பாலும் வழக்கில் உள்ள முறையில், ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட்டு வேண்டும். புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனிக் கணக்கு. "பொன்மலை" என்பது நமக்கு நான்கே எழுத்து. கம்ப்யூட்டருக்கு அது 7 குறி. ஆகவே 21 பைட்டு!

அப்படியும் எழுத்து அடைக்கும் இடம் சொற்பம்தான். திருக்குறளின் 1,330 குறளையும் ஏற்றினால் சுமார் கால் மெகாபைட்டு ஆகும். ஒரு மெகாபைட்டு என்பது 10 லட்சம் பைட்டு.

இடத்தை விழுங்குவது போட்டோ! செல்போனில் எடுக்கும் ஒரு போட்டோவுக்குச் சுமார் 4 மெகாபைட்டு வேண்டும். பேரன் பொக்கை வாயைத் திறந்து சிரிக்கும் ஒரே ஒரு படம், பத்துத் திருக்குறள் நூல்களுக்கு மேல் இடம் பிடிக்கிறது. வீடியோ அதைவிடப் பெரிய பகாசுரன். ஒரு நிமிட வீடியோ 100 மெகாபைட்டு வரை தின்று விடும்.

ஒரு போட்டோவுக்கு 50 ஆயிரம் அட்டை

1956-ம் ஆண்டு அமெரிக்காவில் ஐ.பி.எம். கம்பெனி, சுழலும் தட்டுகளில் விவரங்களைச் சேர்த்து வைக்கும் எந்திரத்தை வெளியிட்டது. அதில் 50 தட்டுகள். எடை ஒரு டன்னுக்கு மேல்! அதில் அடங்கியது 50 லட்சம் எழுத்து. இன்றைய செல்போன் போட்டோ ஒன்றை வைத்தால், அந்த எந்திரம் கிட்டத்தட்ட நிரம்பி விடும்.

1960-களில் இந்திய ரெயில்வேயும் ஐ.பி.எம். 1401 என்ற கம்ப்யூட்டர்களைக் கணக்கு வேலைக்கு வரவழைத்தது. அதன் நினைவில் அதிகபட்சமாக 16 ஆயிரம் எழுத்துதான் நிற்கும். மற்ற விவரங்களை எல்லாம் துளையிட்ட அட்டைகளில் வைத்திருப்பார்கள். ஓர் அட்டைக்கு 80 எழுத்து.

ஒரு போட்டோவை அந்த அட்டைகளில் ஏற்றுவதாக வைத்துக் கொள்வோம். 50 ஆயிரம் அட்டை வேண்டும். ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினால் சுமார் 29 அடி உயரம்!

இன்று கடைகளில் சாதாரணமாக விற்கும் டிஸ்க்கு ஒன்றின் அளவு 1 டெராபைட்டு. அதாவது ஒரு லட்சம் கோடி பைட்டு. இதற்கு 1,250 கோடி அட்டை தேவை. அந்த அடுக்கைத் தரையில் படுக்க வைத்தால், 2,200 கிலோ மீட்டர் நீளும். சென்னையில் இருந்து டெல்லிக்கு ரெயிலில் போகும் தூரம் ஏறக்குறைய அவ்வளவுதான். அத்தனையும் இன்று சட்டைப்பையில் அடங்குகிறது!

அதில் இரண்டரை லட்சம் போட்டோக்கள் வைக்கலாம். தினம் 30 போட்டோ எடுத்தாலும் நிரம்ப 22 ஆண்டுக்கு மேல் ஆகும்.

கடைக்காரர் ஏமாற்றினாரா?

டிஸ்க்கை வீட்டுக்குக் கொண்டு வந்து மாட்டியதும் ஒரு திகைப்பு. பெட்டியில் 1,000 ஜிகாபைட்டு என்று இருக்கிறது. கம்ப்யூட்டரோ 931 என்று காட்டுகிறது! மீதி 69 எங்கே?

எங்கும் போகவில்லை. டிஸ்க்கு செய்பவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள். "விண்டோஸ்" கம்ப்யூட்டர் 1,024, 1,024 ஆக எண்ணுகிறது. ஒரே தூரத்தை மைலில் சொன்னால் குறைவாகவும், கிலோ மீட்டரில் சொன்னால் அதிகமாகவும் தோன்றுவது போலத்தான் இதுவும். கடைக்காரருடன் சண்டை போட வேண்டாம்.

கதவு எண் தீர்ந்து விட்டால்?

பழைய கம்ப்யூட்டரில் பெரிய டிஸ்க்கை மாட்டினால், முழுவதையும் அது பார்க்காமல் போகலாம்.

ரெயில்வே குடியிருப்பில் வீட்டுக்கு வீடு எண் உண்டு. எண் பலகையில் மூன்று இலக்கம்தான் எழுத முடியும் என்றால், 999-வது வீட்டுக்கு அப்புறம் வீடு இருந்தும் தபால் போய்ச் சேராது அல்லவா? பழைய முறையில் டிஸ்க்கின் அறைகளுக்கு எண் போடும்போதும் இப்படி ஒரு தடை இருந்தது. 2.2 டெராபைட்டோடு எண் தீர்ந்து விடும். பிறகு வந்த புதிய முறையில் இந்தத் தொல்லை இல்லை.

இப்போது ஒரே டிஸ்க்கில் 20 டெராபைட்டுக்கு மேலும் கிடைக்கிறது. மேஜைக் கம்ப்யூட்டர்கள் பலவற்றில் நான்கு டிஸ்க்கு மாட்ட இடம் உண்டு. ஆக, 80 டெராபைட்டு! விலையைக் கேட்டால் மயக்கம் வரும் என்பது வேறு விஷயம். மடிக் கம்ப்யூட்டரில் பெரும்பாலும் ஒன்று அல்லது இரண்டுக்குத்தான் இடம்.

பெரிதாக ஒன்றா, சிறிதாக இரண்டா?

சாதாரணக் குடும்பத்துக்கு இவ்வளவு தேவையா? தேவை இல்லை. பெரிய டிஸ்க்கில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்தால், எல்லாம் ஒரே நாளில் போய்விடும்.

சுழலும் டிஸ்க்கின் தட்டு நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 தடவை சுற்றுகிறது. அதைப் படிக்கும் முனை, தலைமுடியின் பருமனைவிடப் பல ஆயிரம் மடங்கு சிறிய இடைவெளியில் மிதக்கிறது. ஓடும்போது கீழே விழுந்தால் அதோ கதிதான். சுழலாத "எஸ்.எஸ்.டி." என்ற வகை அடி தாங்கும். ஆனால், மின்சாரம் காட்டாமல் ஆண்டுக்கணக்கில் பெட்டியில் பூட்டி வைத்தால், அதில் உள்ளதும் அழியக்கூடும்.

கியாரண்டி உண்டே என்று நினைக்கலாம். கெட்டுப்போன டிஸ்க்குக்குப் பதில் புதுசு கிடைக்கும். அதில் இருந்த மகள் கல்யாணப் போட்டோவும், இறந்துபோன அப்பாவின் குரலும் கிடைக்காது.

ஆகவே 4 டெராபைட்டில் ஒன்று வாங்குவதைவிட, 2 டெராபைட்டில் இரண்டு வாங்குவது புத்திசாலித்தனம். இரண்டிலும் ஒரே விவரம் இருக்க வேண்டும். இரண்டையும் ஒரே பீரோவில் வைக்கக் கூடாது. திருடன் வந்தால் இரண்டையும் எடுத்துப் போவான். ஒன்று பொன்மலை வீட்டில் இருந்தால், மற்றொன்று ஸ்ரீரங்கத்தில் உள்ள மகள் வீட்டில் இருக்கட்டும். பொங்கலுக்கு மகள் வரும்போது அதையும் கொண்டு வந்தால், இரண்டையும் மாட்டி, படங்கள் திறக்கின்றனவா என்று பார்த்து, அந்த ஆண்டின் புதுப் படங்களை ஏற்றிக் கொடுத்து அனுப்பலாம்.