இருமுறை கட்டும் வீடு



“வீட்டைக் கட்டிப் பார், கலியாணத்தைப் பண்ணிப் பார்” என்பது நம் நாட்டுப் பழமொழி. இரண்டிலும் செலவு கையை மீறிவிடும் என்பது அதன் கருத்து. ஆயினும், வீடு கட்டுவோர் எழுதும் கணக்கில் ஏறாத செலவுகளும் சில உண்டு. சுவருக்காக வெட்டிய வயல்மண், சூளையில் எரிந்த விறகு, சிமெண்டு ஆலையிலிருந்து வானில் கலந்த கரியமில வாயு ஆகியவற்றுக்கு நம்மிடம் எவரும் ரசீது நீட்டுவதில்லை. இவற்றையும் கணக்கில் ஏற்றி, நாளைய தலைமுறைக்குக் குறை வைக்காமல் கட்டுவது எவ்வாறு என்று ஆராய்கிறது ஒரு துறை. நீடித்த கட்டுமானம் என்று அதனைச் சொல்லுகிறோம். அதற்கு இன்று உற்ற துணையாக வந்திருப்பது கணிப்பொறி. இவ்விரண்டையும் பற்றிச் சில செய்திகளை உங்களுக்கு எடுத்துச் சொல்ல விரும்புகிறேன்.

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் செல்லும் நெடுஞ்சாலையில், மயிலத்துக்கு வழி பிரியும் இடத்தில் கூட்டேரிப்பட்டு என்னும் ஊர் இருக்கிறது. அவ்வூரில் ஒருவர் 360 சதுர அடியில் வீடு கட்ட எண்ணுகிறார் என்று வைத்துக்கொள்வோம். இந்த அளவை நான் காரணமின்றிச் சொல்லவில்லை. 2030-ஆம் ஆண்டுக்குள் எட்டு லட்சம் வீடுகள் கட்டுவது என்று தமிழக அரசு 2024-இல் அறிவித்த திட்டத்தில், ஒரு வீட்டுக்குக் குறித்த பரப்பு இதுதான்.

ஒன்பது அங்குலச் சுவர் எழுப்பினால், இத்தகைய வீட்டுக்குப் பதினாயிரம் செங்கற்கள் வேண்டியிருக்கும். ஒரு கல் மூன்று கிலோ என்று கொண்டால் மொத்த எடை முப்பது டன். ஒரு வீட்டுக்கு இது பெரிதாகத் தோன்றாமல் இருக்கலாம். எட்டு லட்சத்தால் பெருக்கிப் பாருங்கள். எண்ணூறு கோடிச் செங்கற்கள். இரண்டரைக் கோடி டன்னுக்குச் சற்றே குறைவான மண்! செங்கல்லுக்கு ஏற்ற களிமண் பெரும்பாலும் நல்ல விளைநிலத்தின் மேல்மண்ணாகவே இருக்கிறது. ஓர் அங்குல மேல்மண் உண்டாக இயற்கைக்குப் பல நூறு ஆண்டுகள் வேண்டும். சூளைக்கோ ஒரு பருவம் போதும்.

இதற்கு மாற்று உண்டா? உண்டு. அதனைக் காண நாம் நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. அதே விழுப்புரம் மாவட்டத்தில், வானூர்ப் பக்கம் செம்மண் பூமியில் ஆரோவில் இருக்கிறது. அங்கே 1989-இல், ஹட்கோ எனப்படும் மத்திய அரசின் வீட்டுவசதிக் கழகத்தின் ஆதரவோடு தொடங்கியதே இன்றைய ஆரோவில் மண் கட்டடக்கலை நிறுவனம். மண்ணை ஈரமாக்கி, நூற்றுக்கு ஐந்து பங்கு அளவில் சிமெண்டு சேர்த்து, கையால் இயக்கும் அழுத்துபொறியில் இட்டு இறுக்கிக் கல்லாக்குகிறார்கள். சூளை இல்லை; விறகு இல்லை. நான்கு வாரம் பதமாக வைத்திருந்தால் கல் தயார். நாட்டுச் சூளைச் செங்கல்லுக்குச் செலவாகும் ஆற்றலில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே இதற்குச் செலவாகிறது என்பது அந்நிறுவனத்தின் கணக்கு. இம்முறையில் எழுந்த ஆரோவில் பார்வையாளர் மையம், எகிப்தியக் கட்டடக் கலைஞர் ஹசன் ஃபாதியின் பெயரால் அமைந்த, ஏழைகளுக்கான கட்டடக்கலை விருதினை 1992-இல் பெற்றது.

அப்படியானால் எல்லா ஊரிலும் இதையே செய்துவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். அங்கேதான் நிதானம் வேண்டும். எல்லா மண்ணும் இதற்கு இசையாது. மணல் பாதியளவும், களி ஐந்தில் ஒரு பங்கும் இருந்தால் நன்று. களி மிகுந்த கரிசல் மண் காயும்போது சுருங்கி வெடிக்கும். அதற்குச் சிமெண்டைவிடச் சுண்ணாம்பே ஏற்றது. மண்ணின் குணத்தை நீங்களே சோதிக்கலாம். ஒரு கண்ணாடிப் புட்டியில் மூன்றில் ஒரு பங்கு மண்ணிட்டு, நீர் நிரப்பி, ஒரு சிட்டிகை உப்புப் போட்டு, நன்றாகக் குலுக்கி வையுங்கள். மணல் ஒரு நிமிடத்துக்குள் அடியில் தங்கும். வண்டல் அதன்மேல் மெல்லப் படியும். களி மறுநாள் வரையிலும் கலங்கலாகவே நிற்கக்கூடும். படிந்த அடுக்குகளை அளவுகோலால் அளந்தால் பங்கு தெரிந்துவிடும்.

இனிச் சிமெண்டைப் பார்ப்போம். சுண்ணாம்புக்கல்லை 1,450 பாகை வெப்பத்தில் சுடும்போது, எரிபொருளின் புகையோடு, கல்லினுள் அடங்கிய கரியமில வாயுவும் வெளிப்படுகிறது. உலகில் மனிதர் வெளியேற்றும் கரியமில வாயுவில் நூற்றுக்கு ஏழெட்டுப் பங்கு இத்தொழிலினுடையது. இதைக் குறைக்கச் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரத்து ஆராய்ச்சியாளரோடு கியூபா நாட்டினரும், சென்னை உள்ளிட்ட நம் ஐ.ஐ.டி.களும் சேர்ந்து உழைத்தனர். சுட்ட சிமெண்டுக் கட்டியைப் பாதியாகக் குறைத்து, எஞ்சிய பங்கில் எண்ணூறு பாகை அளவிலேயே சுட்ட களிமண்ணையும், சுடாத சுண்ணாம்புக்கல் பொடியையும் சேர்ப்பது அவர்கள் கண்ட வழி. இதனால் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் கரியமில வாயு குறைகிறது. இந்தியத் தர அமைவனம் 2023-இல் இவ்வகைச் சிமெண்டுக்குத் தர விதி வகுத்தது.

செங்கல்லா, மண்கல்லா, எந்தச் சிமெண்டு, எத்தனை ஜன்னல் என்னும் கேள்விகளுக்கெல்லாம் தனித்தனியே விடை காண முடியாது. ஒன்றை மாற்றினால் மற்றொன்று மாறும். இந்தச் சிக்கலை அவிழ்க்க வந்ததே கணிப்பொறி மாதிரி. 1970-களின் நடுவில் அமெரிக்காவில் சார்லஸ் ஈஸ்ட்மன் என்பவர் இதற்கு அடிகோலினார். பழைய வரைபடத்தில் சுவர் என்பது இரண்டு கோடுகள். இந்த மாதிரியில் ஒரு சுவர், தன் நீளம், கனம், பொருள், எடை, விலை அனைத்தையும் தானே அறிந்த சுவர். ஜன்னலை ஓரடி அகலப்படுத்தினால் கல்லின் எண்ணிக்கையும், ஆற்றற் கணக்கும், அறையின் வெப்பமும் உடனே திருத்தம் பெறுகின்றன.

கூட்டேரிப்பட்டு வீட்டையே இதில் இட்டுப் பார்ப்போம். அவ்வூர் வடக்கே 12 பாகையில் இருக்கிறது. டிசம்பர் இறுதியில் நண்பகற் சூரியன் தலைக்கு நேரிலிருந்து தெற்கே 35 பாகை சாய்கிறது. ஜூன் மாதத்தில் வடக்கே 11 பாகை. ஆகவே தென்புற ஜன்னலுக்கும் வடபுற ஜன்னலுக்கும் சிறு இறவாணமே நிழலாகும். காலையும் மாலையும் தாழ்ந்து வரும் வெயிலோ கிழக்கு, மேற்குச் சுவர்களை நேராகத் தாக்கும்; அதை இறவாணத்தால் தடுக்க இயலாது. அந்தச் சுவர்களைக் குறுக்கி, அப்பக்கம் தாழ்வாரமோ வேம்போ வைத்தால் எவ்வளவு வெப்பம் குறையும் என்பதைக் கணிப்பொறி எண்ணாகவே தரும். இத்தகைய மாதிரியைக் கொண்டே இயந்திரத்தை இயக்கி வீட்டையும் கட்டலாம். 2021-இல் சென்னை ஐ.ஐ.டி. வளாகத்தில், அங்குப் பயின்றோர் தொடங்கிய த்வஸ்தா நிறுவனம், காங்கிரீட்டை அடுக்கடுக்காகப் பிழிந்து 600 சதுர அடி வீடொன்றை எழுப்பிக் காட்டியது.

எனினும் ஓர் எச்சரிக்கை. கணிப்பொறி நாம் கொடுத்த எண்ணைத்தான் பெருக்கித் தரும். வானூரின் செம்மண் கணக்கைக் கரிசல் நிலத்து வீட்டுக்குக் கொடுத்தால், அது தயங்காமல் தவறான விடையை அழகாக அச்சிட்டுத் தரும். ஏற்ற மண் இல்லாத இடத்துக்குத் தொலைவிலிருந்து லாரியில் மண் கொணர்ந்தால், சூளையில் மிச்சமான ஆற்றல் டீசலில் கரைந்துபோகும். ஆதலால் அந்தந்த ஊரின் மண்ணையும், மழையையும், வெயிலையும், கொத்தனாரின் கைத்திறத்தையும் அறிந்தவர் தரும் அளவே மாதிரிக்கு உயிர்.

வீடு இருமுறை கட்டப்பட வேண்டும்: முதலில் கணக்கில், பிறகு நிலத்தில். முதல் வீட்டில் சுவரை நூறு தடவை இடிக்கலாம். ஒரு பிடி மண்ணும் வீணாகாது. இரண்டாவது வீட்டில் செய்த தவற்றையோ ஐம்பது ஆண்டுகள் அதற்குள்ளேயே குடியிருந்து அனுபவிக்க வேண்டும். வரப்போகும் லட்சக்கணக்கான வீடுகளுக்கு வேண்டிய அந்த அளவுகளை எடுக்கப் பெரிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. ஒரு கண்ணாடிப் புட்டியும், ஒரு வெப்பமானியும், பொறுமையும் போதும். உங்கள் ஊர் மண்ணிலிருந்து அதனை நீங்கள் தொடங்கலாம்.