முதிர்ந்த ஏரிக்கு ஒரு மறுநடவு

பால் வற்றிய முதிய ரப்பர் மரங்களை அகற்றி, மறுநடவு செய்வதை நாம் தோட்டங்களில் கண்டிருக்கிறோம். மனிதன் அமைத்த ஏரிகளுக்கும் முதுமை உண்டு. அவற்றுக்கும் ஒருவகை மறுநடவு தேவைப்படுகிறது.

அணை கட்டி ஆற்றைத் தேக்கும்போது அங்குள்ள காடு நீரில் மூழ்குகிறது. திரங்கானுவின் கென்யிர் ஏரியில் நீருக்கு மேல் நிற்கும் பட்ட மரங்கள் இதற்குச் சான்றாகும். மூழ்கிய கிளைகளில் பாசி படர்கிறது. பாசியை நாடிப் புழு பூச்சிகளும், அவற்றை நாடிச் சிறுமீன்களும் வருகின்றன. பெரிய மீன்களிடமிருந்து குஞ்சுகள் ஒளிந்துகொள்ளவும் அக்கிளைகளே துணை. ஆண்டுகள் செல்லச் செல்ல மரங்கள் மக்குகின்றன, வண்டல் படிகிறது, மீன்கள் ஒதுங்க இடமின்றிப் போகிறது.

அமெரிக்காவின் மிசூரி மாநிலத்திலுள்ள டேபிள் ராக் ஏரியின் அணை 1958ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்டது. ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பின், 2007ஆம் ஆண்டில், அங்கு மீன்களுக்குப் புதிய உறைவிடங்கள் அமைக்கும் திட்டம் தொடங்கியது. வெட்டிய மரங்களும், அடிக்கட்டைகளும், பாறைக் குவியல்களும் ஏரியில் இறக்கப்பட்டன. மரம் மிதக்குமாதலால், அதனுடன் கான்கிரீட் கட்டிகளைப் பிணைத்து மூழ்கச் செய்வர்.

சொல்வது எளிது, செய்வதோ கடினம். சிறு படகில் நின்று பாரத்தைத் தூக்கிப் பக்கவாட்டில் தள்ளினால் படகு சாயும்; முதுகு நோகும்; கயிறு காலில் சிக்கினால் பாரம் ஆளையே இழுத்துச் சென்றுவிடும்.

இக்குறையை நீக்கவே தனி மிதவைப் படகுகள் உருவாக்கப்பட்டன. இரு நீண்ட மிதவைகளின்மீது தட்டையான தளம் அமைந்திருக்கும். உரிய இடம் சேர்ந்ததும், எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் தண்டு தளத்தின் ஒரு முனையை உயர்த்தும். மண் கொட்டும் லோரியைப் போலத் தளம் சாய, பாரம் தானே முன்பக்கமாக வழுக்கி நீரில் இறங்கும். பாரம் படகின் நடுவிலேயே நகர்வதால், படகு பக்கவாட்டில் கவிழும் அபாயம் குறைகிறது. ஆழத்தை அளக்கும் கருவியும், செயற்கைக்கோள் வழி இடம் காட்டும் கருவியும் எங்கு, எவ்வளவு ஆழத்தில் இறக்கினோம் என்பதைக் குறித்துவைக்க உதவுகின்றன.

எனினும், கருவி வந்துவிட்டது என்பதற்காக எச்சரிக்கையைக் கைவிடலாகாது. மிதவைச் சட்டை அணிதல், படகு தாங்கும் எடையை மீறாதிருத்தல், கயிற்று வளையத்துள் கால் வையாதிருத்தல் ஆகியவை என்றும் இன்றியமையாதவை.

பாரம் சுமப்பவரின் துன்பத்தைத் தோட்டத்தில் உழைப்போர் நன்கறிவர். மீனுக்கு வீடமைக்கும் பணியிலும், அதைச் செய்பவர் நலமாக வீடு திரும்புவதே முதன்மையானது. அதற்குத் துணைபுரியும் கருவியே சிறந்த கருவி என்போம்.