பழைய வீடியோ கேம்: எந்தப் பெட்டி வாங்கலாம்?

மரியோ, கான்ட்ரா விளையாட ஆசையா? மலிவான டிவி கேம் பெட்டிகளில் பல, ஜப்பானில் 1983ல் வந்த நிண்டெண்டோ ஃபேமிகாமின் நகல்கள். '9999 இன் 1' என்ற அட்டையை நம்பாதீர்கள். சில கேம்களே பெயர் மாறித் திரும்ப வரும். பணம் கொடுக்கும் முன் மூன்றைக் கவனியுங்கள்.

1. இணைப்பு: பெட்டியில் ஏவி வயர் மட்டும் இருந்தால், உங்கள் டிவியில் அதற்கான துளைகள் வேண்டும். இல்லையென்றால் எச்டிஎம்ஐ உள்ளதை வாங்குங்கள்.

2. கார்ட்ரிட்ஜ்: ஃபேமிகாம் வகைக்கு 60 பின், அமெரிக்க என்இஎஸ் வகைக்கு 72 பின். ஒன்று மற்றதில் பொருந்தாது.

3. துப்பாக்கி: வாத்து சுடும் பழைய துப்பாக்கி பிக்சர் டியூப் டிவிக்கானது, எல்இடி டிவியில் குறி விழாது.

கான்ட்ரா மட்டும் போதுமா? பெட்டியே தேவையில்லை. கொனாமி 2019ல் வெளியிட்ட கான்ட்ரா தொகுப்பு கம்ப்யூட்டரிலேயே இயங்கும். ஒரு யூஎஸ்பி கேம்பேடு வாங்கிச் செருகுங்கள், விளையாடுங்கள்!